லிலோங்வேயில் ஒரு சாதாரண நாள்

கேள்வி இது: கணவருக்கு மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் ஒரு கிராமக் குடிநீர்த் திட்டத்தில் 3 ஆண்டு ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் இருவர், 13 வயதும் 7 வயதும். கேட்பவர் பள்ளி ஆசிரியை. வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போகலாமா, அங்கே ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும், மூட்டை கட்டும்போது எதை மறக்கக் கூடாது?

போகலாம். நாங்கள் 2019 நடுவிலிருந்து 2024 நடுவரை அங்கே இருந்தோம். என் கணவரும் தண்ணீர்ப் பொறியாளர்தான். நான் முதல் ஒன்றரை ஆண்டு வீட்டில், பிறகு ஒரு ஊட்டச்சத்துத் திட்டத்தில் கணக்கும் தரவும் பார்க்கும் வேலையில். கிளம்பும் முன் நீங்கள் கவலைப்படுகிற விஷயங்கள் ஒரு பட்டியல் இருக்கும்: மலேரியா, மின்வெட்டு, பாதுகாப்பு, பள்ளிக்கூடம். அதெல்லாம் மூன்று மாதத்தில் பழகிவிடும். எனக்கு ஐந்து ஆண்டிலும் பழகாதது வேறு. அந்த நாட்டின் கஷ்டம் எதுவும் உங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி முழுசாக உள்ளே வராது. ஆனால் உங்கள் வீட்டில் வேலை செய்பவர் தினமும் காலையில் அதற்குள்ளிருந்துதான் நடந்து வருவார். அன்றாடம் என்று நீங்கள் கேட்டதில் பாதி இதுதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நாளின் ஓட்டம். ஊர் சீக்கிரம் எழுந்துவிடும். நவம்பரில் ஐந்து மணிக்கே வெளிச்சம், மாலை ஆறுக்கெல்லாம் இருட்டு. பள்ளி ஏழு, ஏழரைக்குத் தொடங்கி மதியத்தோடு முடியும், பிறகு விளையாட்டு, நீச்சல் என்று ஏதாவது. அலுவலகம் ஏழரைக்கு. ஊருக்குள் எங்கும் பதினைந்து இருபது நிமிடத்தில் போய்விடலாம். தெருப் பெயரைவிட ஏரியா எண்தான் அங்கே முகவரி: ஏரியா 10, ஏரியா 43, ஏரியா 47 என்று. எண்கள் வரிசையாக அடுத்தடுத்து இருக்கும் என்று நம்பி முதல் வாரம் நான் சுற்றிய சுற்றுக்கு அளவே இல்லை. ஏரியா 9க்குப் பக்கத்தில் 10 இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், அது தற்செயல்.

மின்சாரம். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆற்றிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா நீர்மின் நிலையத்தைச் செயலிழக்க வைத்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி ஒரே அடியில் போயிற்று. சரிசெய்ய ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்தக் காலத்தில் எங்கள் சமையலறை இப்படி இருந்தது: காலை ஐந்தேகாலுக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நான் அரிசி களைவேன். பின்வாசல் படியில் ம்பாவுலா, அதாவது தகரத்தில் செய்த கரியடுப்பு, கனன்றுகொண்டிருக்கும். அதன்மேல் குக்கர். உள்ளே துவரம்பருப்பு. துவரையைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதே இல்லை, அங்கே அதற்கு நந்தோலோ என்று பெயர், மலாவிக்காரர்கள் பயிரிட்டு வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள். இன்வெர்ட்டர் வாங்கிய பிறகு விளக்கும் இணையமும் வந்தன, அடுப்பு வரவில்லை. வாடகை வீடு பார்க்கும்போது கேஸ் அடுப்புக்கு வசதி உண்டா, மேலே தண்ணீர்த் தொட்டி உண்டா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். கரண்ட் போனால் பல இடங்களில் தண்ணீரும் போகும்.

இனி வேலைக்கு ஆள் வைக்கும் விஷயம். வீட்டு வேலைக்கு யாரையும் வைக்கக் கூடாது என்ற கொள்கையோடு நான் போனேன். கொள்கை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. தினமும் வாசல் கதவருகே இரண்டு பேராவது கையில் பழைய முதலாளி எழுதிக் கொடுத்த சான்றுக் கடிதத்தோடு நிற்பார்கள். சம்பளம் கொடுக்க வசதி இருந்தும் ஆள் வைக்காதவரை அங்கே எளிமையானவர் என்று நினைப்பதில்லை, கஞ்சன் என்றுதான் நினைப்பார்கள். ஒரு பெண், பகலில் ஒரு தோட்டக்காரர், இரவுக்கு ஒரு காவலாளி என்று மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் என்னை 'அமாயி' என்று கூப்பிட்டார்கள். சிச்சேவா மொழியில் அம்மா. முதல்முறை கேட்டபோது திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இரவுக் காவலாளிதான் எனக்கு மொழி வாத்தியார். காலை வணக்கத்துக்கு 'ம்வாட்சுகா ப்வாஞ்சி', எப்படி எழுந்தீர்கள் என்று பொருள். பிற்பகலில் பார்த்தால் 'ம்வாஸ்வேரா ப்வாஞ்சி', பகலை எப்படிக் கழித்தீர்கள். பதில் சொல்லி, 'காயா இனு' என்று திருப்பிக் கேட்காமல் நகர்ந்தால் அது மரியாதையில்லை. கடையிலும் போலீஸ் சோதனைச் சாவடியிலும் இந்த நாலு வரி செய்யும் வேலையைப் பாஸ்போர்ட் செய்யாது. இன்னொன்று: வாசலில் யாராவது 'ஓடி! ஓடி!' என்று குரல் கொடுத்தால் நீங்கள் ஓட வேண்டாம். உள்ளே வரலாமா என்று கேட்கிறார்கள். 'ஓடினி' என்றால் வாருங்கள். என் சின்னவள் இதை வைத்துச் சிரித்த சிரிப்பு ஒரு வாரம் ஓயவில்லை.

சம்பளக் கதைக்கு வருகிறேன். 2022 மே மாதம் மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள், டாலரின் விலை 25 விழுக்காடு ஏறியது. 2023 நவம்பரில் மறுபடி, இந்த முறை 44 விழுக்காடு. டாலருக்கு ஏறக்குறைய 1,180 ஆக இருந்தது ஒரே நாளில் 1,700 ஆனது. என் கணவருக்குச் சம்பளம் டாலரில். அன்று மாலை, "ஏங்க, கணக்குப் பார்த்தீங்களா?" என்றேன். "பார்த்தேன். நமக்கு இந்த மாசம் கூடத்தான் வருது" என்றவர் அதற்குமேல் பேசவில்லை. சமையலறைப் பின்படியில் எங்கள் வீட்டுப் பெண் உட்கார்ந்து போனில் யாரிடமோ மக்காச்சோள விலை கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே சாப்பாடு என்றால் ந்சீமா, வெள்ளை மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிண்டிய களி. அது இல்லாமல் எத்தனை வயிறு நிறையச் சாப்பிட்டாலும் சாப்பிட்ட கணக்கில் சேராது. அடுத்த நாள் அவளிடம் ஒரே கேள்வி கேட்டேன்: போன வருடம் இதே மாதம் உன் சம்பளத்தில் 50 கிலோ மூட்டை எத்தனை வாங்க முடிந்தது? விரல் விட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து சம்பளத்தை மூட்டைக் கணக்கில்தான் பேசினோம். மூட்டை விலை ஏறினால் சம்பளமும் ஏறும். அண்டை வீட்டு வெளிநாட்டுக்காரர் ஒருவர், நீங்கள் சந்தையைக் கெடுக்கிறீர்கள் என்று என்னிடம் சொன்னார். அவர் வறுமை ஒழிப்புத் திட்டம் ஒன்றின் ஆலோசகர். இதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

நீங்களும் தொடங்கும்போதே இப்படிப் பேசிவிடுவது நல்லது. கூடவே முன்பணம் எதற்குக் கொடுப்பீர்கள், எதற்குக் கொடுக்க மாட்டீர்கள் என்பதையும். மாலிரோ, அதாவது சாவுக் காரியம், அடிக்கடி வரும். சொந்தத்தில் யார் இறந்தாலும் போயாக வேண்டும், பஸ் செலவோடு. இத்தனை சாவா என்று முதல் ஆண்டில் எனக்குச் சந்தேகம்கூட வந்தது. இரண்டு முறை கூடவே போய்ப் பார்த்த பிறகு வெட்கமாகப் போயிற்று.

நம்மை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். வெள்ளைக்காரர் என்றால் 'அசுங்கு', இந்திய முகம் என்றால் 'அம்வென்யே'. நீங்கள் எந்தத் திட்டத்தில் வேலை செய்தாலும் முதல் பார்வைக்கு நீங்கள் கடைக்காரர்தான். குஜராத்திலிருந்து போன வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கின்றன. 1970களில் நாட்டின் முதல் அதிபர் பாண்டாவின் ஆட்சி அவர்களைக் கிராமங்களிலிருந்து கிளப்பி, சில நகரங்களில் மட்டும் வியாபாரம் செய்ய விட்டது. அந்த மனக்கசப்பு இரு பக்கமும் மிச்சமிருக்கிறது. கிராமத்தில் என் கணவரிடம், எந்தக் கடை உங்களுடையது என்று பலமுறை கேட்டிருக்கிறார்கள். அலுவலகத்திலும் உங்களுக்கு நடுவாந்தர இடம். ஐரோப்பியர்கள் உங்களை முழுதாக அவர்களோடு சேர்க்க மாட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் வெளிநாட்டுச் சம்பளக்காரராகத்தான் எண்ணுவார்கள். இதில் ஒரு சௌகரியமும் உண்டு, இரண்டு பக்கப் புலம்பலும் உங்கள் காதுக்கு வரும்.

கணவரின் வேலை எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது வீட்டுக்குள் வரும். வாரத்தில் மூன்று நாள் சலீமா, தோவா, கசுங்கு என்று மாவட்டம் மாவட்டமாகக் களத்தில் இருப்பார். ஆழ்துளைக் கிணறுகளில் பெரும்பாலும் ஆஃப்ரிடெவ் கைப்பம்புதான். 1980களில் உருவான பம்பு அது. கிராமத்துப் பெண்களே ஒரு ஸ்பேனரை வைத்துப் பிரித்துப் பழுது பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் அதன் வடிவமைப்பின் நோக்கம். உள்ளே தேய்வது ரப்பர் வளையம். ஒருநாள் அவர் சட்டைப் பையில் அப்படி ஒரு தேய்ந்த வளையத்தோடு வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அது தேய்ந்து போனதால் ஒரு கிராமம் நான்கு மாதமாக ஆற்றுப் பள்ளத்தில் தண்ணீர் மொண்டிருக்கிறது. வளையம் வாங்கப் பணம் இருந்ததாம், தண்ணீர்க் குழுவின் பொருளாளர் அம்மா அதை எடுத்துக் கடனாகக் கொடுத்துவிட்டாராம். கொடுத்தது ஜனவரியில். அந்த மாதங்களில்தான் போன அறுவடை தீர்ந்து, ஏப்ரல் அறுவடை வரும்வரை வீடுகளில் மாவு இருக்காது. திட்டப் படிவத்தில் 'பராமரிப்பு நிதி' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தாக வேண்டும். என் கணவர் குறித்தார். எனக்கு அந்த அம்மா செய்தது தப்பென்று படவில்லை, அவருக்குப் பட்டது. பம்பு நின்றால் காலரா வருமே என்றார். அதுவும் உண்மைதான். 2022 மார்ச்சில் தொடங்கிய காலராவில் நாடு முழுக்க 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரவுச் சாப்பாடு முழுக்க இந்தச் சண்டை. அதற்குள் சின்னவள் அந்த வளையத்தை எடுத்துப் பொம்மைக்கு வளையலாகப் போட்டுவிட்டாள்.

இப்போது உங்கள் விஷயம். கணவரின் தற்காலிக வேலை அனுமதியை வைத்து நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. உங்கள் பெயரில் தனி அனுமதி வேண்டும், அதை உங்களை வேலைக்கு எடுப்பவர் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு அந்தக் காகிதம் வர மாதக்கணக்கில் ஆனது. அந்த முதல் ஒன்றரை ஆண்டைப் பற்றி யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். ஏழரைக்கு வீடு காலி. துணி துவைக்க ஆள், பெருக்க ஆள். மதியம் ஒரு மணிவரை நான் யார் என்று எனக்கே தெரியாது. 'டிபென்டென்ட்' என்று ஒரு படிவத்தில் என் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததைப் பார்த்து அழுதிருக்கிறேன். பத்து ஆண்டு சம்பாதித்தவளுக்கு அது சின்ன வார்த்தை இல்லை. ஆசிரியை என்பதால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. பன்னாட்டுப் பள்ளிகளில் நடு ஆண்டில்கூட ஆசிரியர் கிளம்பிப் போய்விடுவதால் இடம் காலியாகும். சான்றிதழ்களைச் சான்றொப்பம் வாங்கிக் கையோடு கொண்டு போங்கள். இங்கே வேலையை ராஜினாமா செய்வதற்குப் பதில் நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று முதலில் முட்டிப் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டு ஒப்பந்தம் மூன்று ஆண்டு ஓடும் என்பது நிச்சயமில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலை 1 அன்று அந்த உதவியை நடத்திவந்த யூஎஸ்எய்டு என்ற அரசு அமைப்பின் வேலையே முடிவுக்கு வந்தது. அதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம், ஆனால் என்னோடு தரவு வேலை பார்த்த மலாவிக்காரப் பெண் ஒருத்தி, காலையில் வந்த ஒரு மின்னஞ்சலில் வேலை போனதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். வெளிநாட்டுக் குடும்பங்களுக்காவது ஊர் திரும்ப டிக்கெட் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: திட்டத்துக்குப் பணம் யாருடையது, எந்த ஆண்டுவரை கையில் இருக்கிறது, நடுவில் நின்றால் எத்தனை மாதச் சம்பளமும் பள்ளிக் கட்டணமும் தருவீர்கள்? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கமே வேண்டாம்.

பிள்ளைகள். ஏழு வயதுக்குப் பிரச்சினையே இல்லை, செம்மண்ணும் மாமரமும் போதும். பதின்மூன்றைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். அங்குள்ள பன்னாட்டுப் பள்ளிகள் பெரும்பாலும் பிரிட்டன் பாடமுறை. 14 வயதிலிருந்து 16 வரை ஐஜிசிஎஸ்இ, நம் பத்தாம் வகுப்பு போன்ற பொதுத்தேர்வுக்கான இரண்டு ஆண்டுப் படிப்பு. உங்கள் மூன்று ஆண்டில் அது கச்சிதமாக அடங்கும். ஒப்பந்தத்தை இன்னும் ஒரே ஒரு ஆண்டு நீட்டிக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அடுத்த படிப்பும் இரண்டு ஆண்டு, நடுவில் பிடுங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். பள்ளிக் கட்டணத்தை நிறுவனம் முழுதாகத் தருகிறதா, பகுதியா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பில் நாலைந்து பேர் வேறு நாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்றாம் ஜூனில் என் பெரியவன் சொன்னது: "அம்மா, இனிமே புதுசா வர்றவங்ககிட்ட முதல்ல எத்தனை வருஷம்னு கேட்டுட்டுத்தான் பழகப் போறேன்." கேட்கவும் செய்தான்.

உடம்பு. காய்ச்சல் என்றால் அன்றே மலேரியா சோதனை, நாளைக்குப் பார்ப்போம் என்பது கூடாது. கொசுவலை கட்டாயம். தடுப்பு மாத்திரையை எத்தனை நாள் தொடர்வது என்பதை உங்கள் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் எடையைச் சொல்லி. மலாவி ஏரிக்குப் போகாமல் இருக்க முடியாது. சுமார் 580 கிலோமீட்டர் நீளம், கடல் என்றே தோன்றும், சலீமா பக்கம் சென்கா பே இரண்டு மணி நேரத்துக்குள். ஆனால் நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி அந்தத் தண்ணீரில் உண்டு. குளிக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நடக்காது. பிராசிகுவான்டல் மாத்திரை இருக்கிறது, கடைசியாகத் தண்ணீரில் இறங்கி 6 முதல் 8 வாரம் கழித்து எடுத்தால்தான் முழுப் பலன், அதற்குள் எடுத்தால் இளம் புழுக்கள் தப்பித்துவிடும். பெரிய சிகிச்சை என்றால் ஜோகன்னஸ்பர்க். காப்பீட்டில் விமானத்தில் கொண்டுபோகும் செலவு உண்டா என்று பார்க்காமல் ஏறாதீர்கள்.

பாதுகாப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மனிதர்கள் சாதுவானவர்கள். எனக்குப் பயம் இருந்தது ஒன்றுக்குத்தான்: இருட்டிய பின் நகருக்கு வெளியே கார் ஓட்டுவது. எம்1 நெடுஞ்சாலையில் விளக்கில்லாத லாரியும், ஆளேற்றிப் போகும் கபாசா சைக்கிளும் கண்முன்னே திடீரென்று முளைக்கும். ஐந்து மணிக்குள் ஊர் சேர முடியாவிட்டால் இருக்கிற இடத்திலேயே தங்கிவிடச் சொல்லுங்கள். பெட்ரோல் தட்டுப்பாடு வந்தால் எந்தப் பங்கில் வரிசை குறைவு என்பதை வாட்ஸ்அப் குழு சொல்லிவிடும். அரை டாங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

மூட்டைக்கு வருவோம். ஜூன், ஜூலையில் குளிர் என்றால் நல்ல குளிர், ஊர் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆப்பிரிக்கா என்று பருத்தித் துணியாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு போர்வை. நெற்றி விளக்கு ஆளுக்கு ஒன்று. தண்ணீர் வடிகட்டிக்குக் கூடுதல் கேண்டில். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, மதிப்பெண் பட்டியல், உங்கள் திருமணச் சான்று, எல்லாம் மூலமும் நகலும். பிளக் நம்முடையது நுழையாது, அங்கே பிரிட்டிஷ் முறைச் சதுர மூன்று முனை. இரண்டு நல்ல அடாப்டர் போதும், மிச்சத்தை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். மளிகை கட்டாதீர்கள், மஞ்சள், சீரகம், பருப்பு எல்லாம் பழைய நகரத்துக் கடைகளில் கிடைக்கும். புளி மட்டும் கொஞ்சம். உங்கள் குக்கரின் மூடியைத் திருப்பி அளவைப் பார்த்து, அதே அளவு ரப்பர் வளையம் மூன்று வாங்கி வையுங்கள். அது மட்டும் நான் தேடித் தேடியும் அங்கே கிடைக்கவில்லை.